விசைப்படகில் எஞ்சினையும் ஷாஃப்ட்டையும் அலைன்மென்ட் செய்வது: முழுமையான வழிகாட்டி

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையேறுவதும், ப்ரொப்பெல்லர் தண்டான ஷாஃப்ட்டைத் தாங்கும் புஷ்ஷை மாற்றுவதும், எஞ்சினைப் பிரித்துப் பூட்டுவதும் அப்போதுதான். இவ்வளவும் பொறுமையாகச் செய்துவிட்டு, எஞ்சினையும் ஷாஃப்ட்டையும் ஒரே நேர்கோட்டில் நிறுத்தும் அலைன்மென்ட்டை மட்டும் படகு இறங்குவதற்கு முந்தின நாள் மாலைக்குத் தள்ளுவார்கள். இரண்டையும் இணைக்கும் கப்ளிங்கின் போல்ட்டை நான்கு பேர் சேர்ந்து இறுக்குவார்கள். இரண்டு தட்டும் ஒட்டிக்கொள்ளும், வேலை முடிந்துவிட்டது என்று நினைப்பார்கள். சில வாரத்தில், ஷாஃப்ட் வழியாகத் தண்ணீர் வராமல் அடைக்கும் கிளாண்ட் பேக்கிங் சூடாகும். கியர்பாக்ஸ் பின் சீலில் எண்ணெய் கசியும். புது புஷ் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கும்.

இந்த வழிகாட்டி நேரான ஷாஃப்ட்டும் கியர்பாக்ஸுக்குப் பின்னால் திடமான ஃபிளேஞ்ச் (வட்டத் தட்டு) கப்ளிங்கும் உள்ள படகுகளுக்கானது. நம் ஊர் இழுவைப் படகுகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். இடையில் ரப்பர் கப்ளிங் போட்டிருந்தாலும் வேலை இதேதான். அதைக் கழற்றி வைத்துவிட்டு, தட்டோடு தட்டு வைத்து அளக்க வேண்டும். ரப்பர் கப்ளிங் அதிர்வை வாங்கிக்கொள்ளும், கோணலை நேராக்காது.

ஒரு விஷயத்தை முதலிலேயே பிடித்துக்கொள்ளுங்கள். ஷாஃப்ட் எந்தக் கோட்டில் நிற்க வேண்டும் என்பதை ஸ்டெர்ன் டியூபும் (ஷாஃப்ட் படகுக்கு வெளியே போகும் குழாய்) புஷ்ஷும் முடிவு செய்துவிட்டன. அதை நாம் மாற்ற முடியாது. எஞ்சின்தான் ஷாஃப்ட்டைத் தேடி வர வேண்டும். கீழே சொல்லும் வரிசை முழுக்க இதிலிருந்து வருவதுதான்.

1. கையில் இருக்க வேண்டியவை

ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய இலைகள்) ஒரு செட், 0.05 மி.மீ. இலையிலிருந்து தொடங்குவதாக இருக்கட்டும். ஒரு அடி நீள எஃகு ஸ்கேல் அல்லது நேர்விளிம்புப் பட்டை. காந்த ஸ்டாண்டோடு ஒரு டயல் கேஜ் (லேத் பட்டறையில் இரவல் கிடைக்கும்). மீன் நிறுக்கும் ஸ்பிரிங் தராசு, 50 கிலோ வரை காட்டுவது. செயின் பிளாக், இரண்டு ஜாக்கி, மரக் கட்டைகள், ஆப்பு. ஷிம்முக்கு, அதாவது எஞ்சின் காலுக்கு அடியில் வைக்கும் தகட்டுக்கு, பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் தகடு, 0.1 மி.மீ. முதல் 2 மி.மீ. வரை பல கனத்தில்.

ஒரு நோட்டும் பென்சிலும் கட்டாயம். எண்களை மனதில் வைத்துக்கொண்டு செய்பவர்கள் மூன்றாவது திருத்தத்தில் எது எந்தப் பக்கம் என்று குழம்பிவிடுவார்கள்.

ஆள் இருவர் வேண்டும். ஒருவர் அளக்கும்போது இன்னொருவர் ஷாஃப்ட்டைப் பிடிக்க வேண்டும். தனியாகச் செய்தால் ஃபீலர் இலையை நுழைக்கும்போதே ஷாஃப்ட் அமரப் பக்கம் (படகின் பின்பக்கம்) நழுவும், அளவு பொய்யாகிவிடும்.

2. கரையில் இருக்கும்போதே ஷாஃப்ட்டைச் சோதியுங்கள்

வளைந்த ஷாஃப்ட்டை வைத்துக்கொண்டு எஞ்சினை எத்தனை முறை நகர்த்தினாலும் அலைன்மென்ட் வராது. படகு தண்ணீரில் இறங்கிய பிறகு ஷாஃப்ட்டை வெளியே எடுப்பதும் நடக்கிற காரியம் இல்லை. அதனால் இது கரை வேலை.

முதலில் புஷ். ப்ரொப்பெல்லர் பக்கம் ஷாஃப்ட்டைக் கையால் மேலும் கீழும் தூக்கிப் பாருங்கள். தடதடவென்று ஆடினால் புஷ் மாற்றும் வேளை வந்துவிட்டது. தேய்ந்த புஷ்ஷில் ஷாஃப்ட்டுக்கு நிலையான நடு என்று ஒன்று கிடையாது. அங்கே எதற்கு எஞ்சினை ஒட்டவைப்பீர்கள்?

அடுத்து ஷாஃப்ட்டின் நேர்மை. வலை சிக்கி எஞ்சின் திணறி நின்ற படகிலும், மணல் திட்டில் ப்ரொப்பெல்லர் இடித்த படகிலும் ஷாஃப்ட்டை லேத்துக்குக் கொண்டுபோய் டயல் வைத்தே பார்க்க வேண்டும். கண்ணுக்கு நேராகத் தெரிவது போதாது.

மூன்றாவது, ஷாஃப்ட் பக்கக் கப்ளிங். இதை ஷாஃப்ட்டில் மாட்டிய நிலையிலேயே லேத்தில் ஓட்டி முகத்தை ஒரு சீவு சீவி எடுப்பது நல்லது. டயல் முள் 0.05 மி.மீ.க்கு மேல் ஆடினால் நான் ஏற்றுக்கொள்வதில்லை. அடிக்கடி காணும் கோளாறு சாவியில், அதாவது கப்ளிங்கை ஷாஃப்ட்டோடு பூட்டும் இரும்புத் துண்டில், இருக்கிறது. சாவி உயரம் கூடிப்போய், கப்ளிங் காடியின் மேல்பக்கத்தில் முட்டிக்கொண்டிருக்கும். அப்போது கப்ளிங் ஒரு பக்கமாகத் தூக்கி உட்காரும், முகம் கோணும். சாவி பக்கவாட்டில் இறுக்கமாக இருக்க வேண்டும், தலைக்கு மேல் மயிரிழை இடம் வேண்டும்.

இரண்டு ஃபிளேஞ்ச் முகங்களிலும் பெயின்ட், துரு, அடிபட்ட பிசிறு எதுவும் இருக்கக் கூடாது. நாம் தேடுவது ஒரு மி.மீ.யில் பத்தில் ஒரு பங்கு. ஒரு கோட் பெயின்ட்டே அதில் பெரும்பங்கைத் தின்றுவிடும்.

3. பெட்டும் காலும்

மரப் படகில் எஞ்சின் உட்காரும் பெட்டின் போல்ட் துளைகளைச் சுற்றி ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். டீசலும் கழிவுத் தண்ணீரும் ஊறி மரம் மெத்தென்று போயிருந்தால், இன்று வைக்கும் அளவு அடுத்த வாரம் இருக்காது. இரும்பு பெட் என்றால் வெல்டிங் விரிசலைப் பாருங்கள்.

ரப்பர் மவுண்ட் இருந்தால், எண்ணெய் பட்டு ஊதிப்போனதையும் உலோகத்திலிருந்து பிரிந்துபோனதையும் மாற்றிவிடுங்கள். மாற்றினால் நான்கையும் சேர்த்து மாற்ற வேண்டும். பழசு இரண்டும் புதுசு இரண்டும் ஒரே எடையில் ஒரே அளவு அமுங்காது.

4. கரையில் முரட்டு அலைன்மென்ட் மட்டும்

கரையில் எஞ்சினை ஷாஃப்ட்டுக்கு ஒரு மி.மீ. வித்தியாசத்துக்குள் கொண்டுவந்தால் போதும். ஒரு தட்டின் நடுவில் புடைத்திருக்கும் உதடு எதிர்த் தட்டின் குழிக்குள் கையால் தள்ளினால் நுழைய வேண்டும், அவ்வளவுதான். தேவைப்படும் கனமான தகடுகளை இப்போதே வெட்டி வைத்துவிடலாம். பெட்டில் புதுத் துளை போடுவது, பெட் உயரத்தைக் கூட்டிக் குறைப்பது மாதிரியான பெரிய வேலைகளும் இங்கேயே முடிய வேண்டும்.

நுணுக்கமாக இங்கே அளப்பது வீண். கரையில் படகு சில கட்டைகள் மேல் உட்கார்ந்திருக்கிறது. தண்ணீரில் முழு அடிப்பாகமும் தாங்கப்படும். வெயிலில் காய்ந்த மரம் தண்ணீரில் ஊறி உப்பும். ஃபைபர் படகும் இரும்புப் படகும்கூடக் கரையில் ஒரு வடிவம், கடலில் ஒரு வடிவம்தான்.

கப்ளிங்கைப் பூட்டி இறுக்காமல் படகை இறக்க வேண்டுமென்றால், ஷாஃப்ட் அமரப் பக்கம் நழுவாமல் கிளாண்டுக்கு முன்னால் ஒரு கிளாம்ப் போட்டுவிடுங்கள். நழுவினால் ப்ரொப்பெல்லர் சுக்கானில் போய் இடிக்கும்.

5. தண்ணீரில் இறக்கிக் காத்திருங்கள்

ஃபைபர், இரும்புப் படகுக்கு ஒரு நாள். மரப் படகுக்குக் குறைந்தது இரண்டு நாள், நெடுநாள் காய்ந்த மரமானால் இன்னும் கூட. பலகை ஊறி ஒழுக்கு நிற்பது நல்ல அடையாளம். உரிமையாளருக்கு அவசரம் இருக்கும். ஜூன் 14 நள்ளிரவு கழிந்ததும் கிளம்ப வேண்டும் என்பார். அதனால் நாட்களை முன்கூட்டிக் கணக்குப்போட்டு, தடைக்காலம் முடிய ஒரு வாரம் இருக்கும்போதே படகை இறக்கச் சொல்லுங்கள்.

பாரத்தையும் கவனியுங்கள். இழுவைப் படகு கிளம்பும்போது டீசலும் ஐஸும் நிறைந்திருக்கும், திரும்பும்போது டீசல் குறைந்து மீன் ஏறியிருக்கும். காலிப் படகில் அளந்தால் இரண்டுக்கும் பொருந்தாது. டேங்க் பாதி, வலையும் பலகையும் வழக்கமான இடத்தில், அறையில் கொஞ்சம் பாரம் என்ற நடுத்தர நிலையே சரி. துறைமுகத்தில் பக்கத்துப் படகு முட்டாத இடமாகக் கட்டுங்கள். கயிறு இறுக்கி இழுத்துக்கொண்டிருக்கக் கூடாது.

6. ஷாஃப்ட்டின் உண்மையான நடுவைக் கண்டுபிடியுங்கள்

பேட்டரி கனெக்‌ஷனைக் கழற்றுங்கள், ஸ்டார்ட் சாவியைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். யாராவது தெரியாமல் ஸ்டார்ட்டரைத் தட்டினால் விரல் போய்விடும்.

கப்ளிங் போல்ட் எல்லாவற்றையும் எடுத்து, இரண்டு தட்டையும் சுமார் 10 மி.மீ. பிரியுங்கள். கிளாண்ட் நட்டைக் கொஞ்சம் தளர்த்துங்கள். இறுகிய பேக்கிங் ஷாஃப்ட்டைத் தன் பக்கம் பிடித்து வைத்துக்கொள்ளும், புஷ் சொல்லும் கோட்டைக் காட்டாது. தண்ணீர் கசியும், பம்ப் தயாராக இருக்கட்டும்.

இப்போது ஷாஃப்ட்டின் முன்முனை தன் எடையாலும் கப்ளிங் எடையாலும் தொங்கிக்கொண்டிருக்கிறது. புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடும் இடம் இதுதான். தொங்கும் நிலைக்கு எஞ்சினைப் பொருத்தினால், எஞ்சினையே தாழ்வாக வைத்துவிடுவீர்கள். போல்ட் போட்ட பிறகும் ஷாஃப்ட் வளைந்தபடியே சுற்றும்.

எவ்வளவு தூக்க வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு: முன் புஷ்ஷிலிருந்து கப்ளிங் வரை தாங்கலில்லாமல் நிற்கும் ஷாஃப்ட்டின் எடையில் பாதி, அதோடு கப்ளிங்கின் முழு எடை. ஷாஃப்ட் எடைக்குக் கட்டடக் கம்பிக்காரர்களின் கணக்கே போதும். விட்டத்தை மி.மீ.யில் எடுத்து, அதையே அதனால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 50 மி.மீ. ஷாஃப்ட் மீட்டருக்கு 15.4 கிலோ. தாங்கலில்லாத நீளம் 1.2 மீட்டர் என்றால் 18.5 கிலோ, அதில் பாதி 9 கிலோ சொச்சம். கப்ளிங் 12 கிலோ என்று வைத்தால், மொத்தம் 21 கிலோ.

கப்ளிங்குக்கு ஒட்டிப் பின்னால் கயிறு போட்டு ஸ்பிரிங் தராசில் மாட்டி, தராசு 21 கிலோ காட்டும்வரை மேலே இழுத்துக் கட்டுங்கள். அங்கே நிற்கும் உயரம்தான் ஷாஃப்ட்டின் உண்மையான உயரம். தாங்கலில்லாத நீளம் ஒரு அடி, ஒன்றரை அடிதான் என்றால் ஷாஃப்ட் வளைவு மிகக் குறைவு. ஆனாலும் தராசு மாட்டிவிடுங்கள், ஐந்து நிமிட வேலைதானே.

பக்கவாட்டுக்குத் தராசு வேண்டாம். ஷாஃப்ட்டைக் கையால் இடது பக்கம் எவ்வளவு போகிறதோ அவ்வளவு தள்ளிக் குறி வையுங்கள், வலது பக்கமும் அப்படியே. இரண்டுக்கும் நடுவில் நிறுத்தி, மர ஆப்பு வைத்துப் பிடியுங்கள்.

7. அளவெடுப்பது

இரண்டு தட்டும் நான்கு விதமாக விலகியிருக்கலாம்: உயரத்தில், பக்கவாட்டில், மேல்-கீழ்ச் சாய்வில், இட-வலச் சாய்வில். நான்கையும் தனித்தனியாக அளந்து எழுத வேண்டும்.

உயரத்துக்கும் பக்கவாட்டுக்கும்: நடு உதடு குழிக்குள் நுழையாமல், சற்று வெளியே இருக்கட்டும். நுழைந்துவிட்டால் உதடே ஷாஃப்ட்டைத் தாங்கிக்கொண்டு விலகலை மறைத்துவிடும். ஸ்கேலை இரண்டு ஃபிளேஞ்ச் விளிம்புகளுக்கும் மேல் வையுங்கள். எது தாழ்வோ அதன் மேல் இடைவெளி தெரியும், ஃபீலர் விட்டு அளங்கள். இடது, வலது பக்கங்களிலும் அப்படியே. இரண்டு தட்டின் விட்டமும் ஒன்றாக இல்லாவிட்டால், எதிரெதிர்ப் பக்கங்களில் உள்ள படிகள் இரண்டையும் அளந்து, வித்தியாசத்தில் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள்.

சாய்வுக்கு: இப்போது தட்டுகளை நெருக்கி, ஒரு பக்கம் மிக மெல்லிய இலை மட்டும் நுழையும்படி வையுங்கள். பிறகு மேல், கீழ், இடம், வலம் என்று நான்கு இடத்திலும் எந்த இலை தடவிக்கொண்டு போகிறதோ அந்த எண்ணை எழுதுங்கள். எல்லா இடத்திலும் ஒரே ஆழத்துக்கு நுழைக்க வேண்டும். மூன்று இலைக்கு மேல் அடுக்காதீர்கள், இடையில் காற்றும் எண்ணெயும் சேர்ந்து அளவைக் கெடுக்கும். இடம், வலம் என்று நான் சொல்வது அணியத்தை, அதாவது படகின் முன்பக்கத்தை, பார்த்து நிற்பவரின் இடம், வலம். குனிந்து அளப்பவர் அமரத்தைப் பார்த்தபடி இருந்தால் தலைகீழாக எழுதிவிடுவார், எச்சரிக்கை.

எவ்வளவு இருந்தால் சரி? கியர்பாக்ஸ் கையேட்டில் எண் இருந்தால் அதுதான் சட்டம். இல்லையென்றால், ஃபிளேஞ்ச் விட்டத்தில் ஒரு அங்குலத்துக்கு ஒரு தவ், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, என்பது பரவலாகப் பின்பற்றும் எல்லை. 6 அங்குல ஃபிளேஞ்சுக்கு 6 தவ், சுமார் 0.15 மி.மீ. அது எல்லைதான். நான் 0.10 வரும்வரை விடுவதில்லை, அந்த மிச்சம் அடுத்த சீசனில் பெட் கொஞ்சம் அமுங்கினாலும் தாங்கும்.

8. எஞ்சினைத் தொடும் முன் சுற்றிப் பாருங்கள்

மேலே 0.10, கீழே 0.40 என்று வந்தால் உடனே ஷிம்மை எடுக்காதீர்கள். இரண்டு தட்டிலும் மேல்புறம் சாக்பீஸால் கோடு போடுங்கள். கியர்பாக்ஸ் தட்டை அசைக்காமல், ஷாஃப்ட் தட்டை மட்டும் கால் சுற்று திருப்பி மறுபடி அளங்கள். இப்படி நான்கு கால் சுற்று.

அகலமான இடைவெளி எப்போதும் கீழேயே நின்றால் எஞ்சின் சாய்ந்திருக்கிறது, அடுத்த படிக்குப் போகலாம். அகலம் சாக்பீஸ் கோட்டோடு சேர்ந்து சுற்றினால் ஷாஃப்ட் வளைந்திருக்கிறது அல்லது கப்ளிங் முகம் கோணல். வேலையை நிறுத்துங்கள். இது லேத்துக்குப் போகும் கேஸ், ஷிம்மால் தீராது.

பிறகு கியரை நியூட்ரலில் வைத்து, ஷாஃப்ட்டை நிறுத்திக் கியர்பாக்ஸ் தட்டை மட்டும் திருப்பி அதே சோதனையைச் செய்யுங்கள். வலை சிக்கி அடிபட்ட படகுகளில் இந்தத் தட்டு ஆடுவதும் உண்டு.

9. எந்தப் பக்கம், எவ்வளவு

வரிசை இது: முதலில் மேல்-கீழ்ச் சாய்வு, அப்புறம் உயரம். பிறகு இட-வலச் சாய்வு, கடைசியில் பக்கவாட்டு விலகல். உயரத்தைச் சரிசெய்ய எஞ்சினைத் தூக்கி இறக்க வேண்டும், அப்போது பக்கவாட்டு நிலை எப்படியும் கலையும். அதனால் பக்கவாட்டை முதலில் சரிசெய்தால் அந்த உழைப்பு வீண். சாய்வை முதலில் பார்ப்பதற்கும் காரணம் உண்டு. சாய்வைத் திருத்தினால் உயரம் மாறும். நான்கு காலையும் ஒரே அளவு தூக்கி இறக்கினால் சாய்வு மாறாது.

திசைக்கு ஒரே விதி போதும்: இடைவெளி எந்தப் பக்கம் அகலமோ, அந்தப் பக்கம் எஞ்சினின் அணிய முனை போக வேண்டும். கீழே அகலமென்றால் எஞ்சின் முன்பகுதி இறங்க வேண்டும். மேலே அகலமென்றால் முன்பகுதி ஏற வேண்டும். வலது பக்கம் அகலமென்றால் முன்பகுதி வலப்பக்கம் நகர வேண்டும். இதை பெட் பக்கத்துச் சுவரில் எழுதி வைத்துக்கொண்டால் கடைசிவரை குழப்பம் இல்லை.

அளவுக்கு: இடைவெளி வித்தியாசத்தை எஞ்சினின் முன்கால்-பின்கால் தூரத்தால் பெருக்கி, ஃபிளேஞ்ச் விட்டத்தால் வகுக்க வேண்டும். ஒரு உதாரணம். மேலே 0.10, கீழே 0.40, வித்தியாசம் 0.30 மி.மீ. ஃபிளேஞ்ச் விட்டம் 150 மி.மீ., கால்களுக்கு நடுத் தூரம் 900 மி.மீ. என்றால், 0.30 × 900 ÷ 150 = 1.8 மி.மீ. முன்கால் இரண்டையும் 1.8 மி.மீ. இறக்க வேண்டும்.

இங்கே ஒரு பின்விளைவு உண்டு. முன்பகுதி இறங்கும்போது எஞ்சின் பின்காலை அச்சாக வைத்துச் சாய்கிறது. பின்காலுக்கு அமரப் பக்கம் இருக்கும் கப்ளிங் மேலே எழும். பின்காலிலிருந்து கப்ளிங் 300 மி.மீ. தள்ளியிருந்தால், 1.8 × 300 ÷ 900 = 0.6 மி.மீ. எழும். முன்பு உயரம் சரியாக இருந்திருந்தால் இப்போது 0.6 கூடிவிட்டது. நான்கு காலையும் 0.6 இறக்க வேண்டும். ஆக மொத்தம் முன்கால் 2.4, பின்கால் 0.6 இறங்கும். இதை முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொண்டால் எஞ்சினை ஒரே முறை தூக்கினால் போதும். கணக்குப் போடாமல் "இன்னும் ஒரு தகடு எடு, ஒரு தகடு போடு" என்று செய்பவர்கள் ஒரு முழுப் பகலையும் இதில் தொலைக்கிறார்கள்.

பக்கவாட்டுக்கும் அதே கணக்குதான், அதே பின்விளைவுதான். முன்பகுதி வலப்பக்கம் போனால் கப்ளிங் இடப்பக்கம் போகும்.

கணக்கு ஒத்துவராவிட்டால், அதாவது 1.8 இறக்கியும் சாய்வு பாதிதான் குறைந்தது என்றால், ஏதோ ஒன்று எஞ்சினைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. பெரும்பாலும் சைலன்சர் குழாய். அடுத்தபடியாகக் குளிர்நீர்க் குழாய், எப்போதோ கட்டையில் முட்டிக்கொண்ட ஆயில் சம்ப்.

10. ஷிம் வைப்பதும் மவுண்டைத் திருப்புவதும்

திடமான பெட்: போல்ட்டைத் தளர்த்தி, எஞ்சினைச் செயின் பிளாக்கால் தூக்கும் காதில் பிடித்தோ, பிளாக்கின் கனமான இடத்தில் ஜாக்கி வைத்தோ மயிரிழை தூக்குங்கள். ஆயில் சம்ப்புக்கு அடியில் ஜாக்கி வைக்காதீர்கள், தகடு நசுங்கும். ஷிம்மைக் காலின் முழு அளவுக்கு, போல்ட்டுக்காக ஒரு பக்கம் திறந்த காடியோடு வெட்டுங்கள். போல்ட்டைக் கழற்றாமலே நுழைக்கலாம். ஒரு கனமான தகடும் ஒன்றிரண்டு மெல்லிய தகடும் போதும். பத்து மெல்லிய தகடு அடுக்கினால் ஓட ஓட அமுங்கும். வாஷர், டின் துண்டு, பலகைச் செதில் எதுவும் ஷிம் ஆகாது.

பக்கவாட்டில் நகர்த்தச் சம்மட்டி வேண்டாம். அடித்தால் தேவைக்கு மேல் நகரும், திருப்பி அடிப்பீர்கள், அதற்கு முடிவே இல்லை. பெட்டில் ஒவ்வொரு காலுக்கும் பக்கத்தில் ஒரு சிறிய இரும்புக் கோணமும் தள்ளு போல்ட்டும் பொருத்திக்கொள்ளுங்கள். கால் சுற்று, கால் சுற்றாக நகரும். ஒரு முறை பொருத்தினால் எல்லாத் தடைக்காலத்துக்கும் உதவும்.

ரப்பர் மவுண்ட்: மேல் நட்டைத் தளர்த்திக் கீழ் நட்டைத் திருப்பினால் எஞ்சின் ஏறி இறங்கும். மரையின் பிட்ச் எவ்வளவு என்று முதலில் அளங்கள். 2 மி.மீ. பிட்ச் என்றால் கால் சுற்றுக்கு அரை மி.மீ. இடது முன்காலைத் திருப்பினால் வலது முன்காலையும் அதே அளவு திருப்ப வேண்டும். ஒன்றை மட்டும் திருப்பினால் எஞ்சின் முறுக்கிக்கொண்டு, எடை எதிர்மூலைகள் இரண்டில் ஏறிவிடும். நான்கு ரப்பரும் ஏறக்குறைய ஒரே அளவு அமுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டட்டின் உச்சியில் எஞ்சின் நின்றால் அதிர்வில் ஸ்டட் முறியும். அப்படியானால் மவுண்டுக்கு அடியில் இரும்புத் தகடு கொடுத்து, நட்டைக் கீழே இறக்குங்கள்.

11. இறுக்குவதும் அளவை மாற்றும்

திடமான பெட்டில் நான்கு காலும் தரையில் சமமாக உட்காராத மேசை மாதிரி எஞ்சின் நிற்பதுண்டு. போல்ட் தளர்வாக இருக்கும்போது அளவு அழகாக வரும், இறுக்கியதும் எஞ்சின் முறுக்கி எங்கோ போகும். மூன்று காலை இறுக்கி நான்காவதைத் தளர்த்தி, அதன் அடியில் ஃபீலர் விட்டுப் பாருங்கள். 0.05-க்கு மேல் நுழைந்தால் அந்தக் காலுக்கு மட்டும் அந்த அளவு ஷிம். நான்கு காலுக்கும் இந்தச் சோதனை.

பிறகு எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, முழுதும் இறுகியதும் நான்கு அளவையும் புதிதாக எடுங்கள். சைலன்சர் குழாயை மாட்டியபின் இன்னொரு முறை. எண் மாறினால், மாற்ற வேண்டியது குழாயை, எஞ்சினை அல்ல.

எல்லாம் சரி என்றால் தட்டுகளைக் கையால் சேருங்கள். உதடு குழிக்குள் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். கடப்பாரை தேவைப்பட்டால் இன்னும் சரியாகவில்லை. கப்ளிங் போல்ட் 8.8 கிரேடோ அதற்கு மேலோ, துளைக்குச் சரியாகப் பொருந்துவதாக இருக்கட்டும். எதிரெதிராக இறுக்கி, தராசையும் ஆப்பையும் எடுத்துவிட்டு, ஷாஃப்ட்டைக் கையால் முழுச் சுற்று சுற்றுங்கள். ஓரிடத்தில் இறுகி ஓரிடத்தில் தளர்ந்தால் போல்ட்டை எடுத்து மறுபடி அளங்கள். கிளாண்டைத் திரும்ப இறுக்க மறக்காதீர்கள்: ஷாஃப்ட் ஓடும்போது நிமிடத்துக்குச் சில சொட்டு விழ வேண்டும். சொட்டே இல்லாமல் இறுக்கினால் பேக்கிங் கருகி ஷாஃப்ட்டை அறுக்கும்.

12. ஓட்டிப் பார்த்துச் சூட்டோடு அளங்கள்

முதலில் மெதுவான ஓட்டம், அப்புறம் நடுத்தரம், பிறகு முழு வேகம். ஒவ்வொன்றிலும் கிளாண்டைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை, கை வைக்க முடியாவிட்டால் நிறுத்துங்கள். சுற்றும் கப்ளிங் பக்கம் லுங்கி, துண்டு எதுவும் போகக் கூடாது.

ஒரு மணி நேரம் ஓடியபின் கரைக்கு வந்து, ஆறுவதற்கு முன் கப்ளிங்கைப் பிரித்து, தராசை அதே இழுப்பில் மாட்டி அளங்கள். இரும்பு சூட்டில் விரியும். எஞ்சின் காலிலிருந்து கியர்பாக்ஸ் தட்டின் நடு 200 மி.மீ. உயரம் என்றால், 40 டிகிரி சூடேறும்போது சுமார் 0.09 மி.மீ. எழும். நாம் தேடும் அளவே 0.10 எனும்போது இதைக் கணக்கில் விடமுடியாது. சூட்டில் தட்டு உயர்ந்து நின்றால் அந்த அளவுக்கு நான்கு காலிலும் ஷிம்மைக் குறையுங்கள். படகு வாழ்நாள் முழுதும் ஓடப்போவது சூட்டில்தான்.

புது ரப்பர் மவுண்ட் முதல் சில வாரத்தில் எடையில் அமுங்கும், புது ஷிம்மும் மர பெட்டும் கொஞ்சம் படியும். அதனால் சுமார் 50 மணி நேரம் ஓடியபின் எல்லாப் போல்ட்டையும் இறுக்கிப் பார்த்து, நான்கு அளவையும் திரும்ப எடுங்கள். தங்கு கடல் போகும் படகுக்கு இது முதல் இரண்டு பயணத்திலேயே வந்துவிடும். நோட்டில் தேதி, டேங்கில் டீசல் எவ்வளவு, சூடா ஆறியதா, தராசு காட்டிய கிலோ, நான்கு இடைவெளி, ஒவ்வொரு காலிலும் எத்தனை கனம் ஷிம் என்று எழுதி, எஞ்சின் ரூமிலேயே பாலிதீன் உறையில் போட்டு வையுங்கள். அடுத்த தடைக்காலத்தில் வேறு மெக்கானிக் வந்தாலும் அங்கிருந்து தொடங்குவார்.